ஈயப் பெட்டியில் ஒரு கால்சட்டை

அவளுக்கு அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி அந்த மருத்துவமனையின் நான்கு மாடிகளிலும் அவளுக்கு ‘அசையாதீங்க’ என்றே பெயர். “அசையாதீங்க அக்கா சாப்பிட வந்தாச்சா?” என்று கேன்டீனில் கேட்பார்கள். பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிப் பிழைக்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஒருநாள் தூக்கத்தில் அவள் அந்த வார்த்தையை அதட்டலாகச் சொல்லிவிட, பக்கத்தில் படுத்திருந்த கணவர் கொசு கடித்த காலைக்கூடச் சொறியாமல் விடியும்வரை கிடந்தாராம். அவரே சொன்ன கதை. பாதியாவது உண்மையாக இருக்கும்.

அவள் வேலை கீழ்த்தளத்தில், நியூக்ளியர் ஸ்கேன் அறையில். நடுவில் ஒரு குறுகிய கட்டில், அதன் மேலும் கீழும் இரண்டு பெரிய தட்டுகளாகக் கதிரைப் படம்பிடிக்கும் காமா கேமரா, மூலையில் கணினி, சுவரோரம் ஈயத் தகடு போர்த்திய ஒரு பெட்டி. எந்திரத்துக்காக அறையை எப்போதும் குளிராக வைத்திருப்பார்கள். அதனால் வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அவள் நாற்காலியின் முதுகில் ஒரு கம்பளிச் சட்டை தொங்கும்.

கணவர் குழாய் வேலைக்காரர். ஊரில் உள்ள ஒழுகலையெல்லாம் அடைப்பவர். சொந்த வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. “ஊர் ஒழுகலுக்கு நீங்க, உடம்பு ஒழுகலுக்கு நான். நம்ம வீட்டுக் குழாய்க்கு யாருங்க நாதி?” என்பாள். அவர் காதில் விழாது. ஆனால் அவள் வேலையை முதல் நாளே சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

பித்தப்பையை எடுத்த பிறகு சிலருக்கு நாளத்தை இறுக்கப் போட்ட கிளிப் நழுவிவிடும், அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிளைக் குழாய் திறந்து கிடக்கும். பித்தம் குடலுக்குப் போகாமல் வயிற்றுக்குள் கசியும். சாதாரண ஸ்கேனில் வயிற்றில் நீர் நிற்பது தெரியும். அது பித்தமா, ரத்தமா, கழுவிவிட்ட தண்ணீரா என்று தெரியாது. அதற்குத்தான் இவள் கைக்கு வருவார்கள். கை நரம்பில் துளி அளவு கதிர் மருந்து ஏற்றுவாள். கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தத்தோடு சேர்த்து வெளியே விடும். பித்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கேமராவில் கறுப்புப் புள்ளிகள் விழும்.

“அட, தண்ணித் தொட்டியில சாயத்தூள் கரைச்சு விட்டு எந்தச் சுவர்ல கறை வருதுன்னு பாக்கற மாதிரி” என்றார் கணவர். “அப்ப பொறுமை வேணும். பெரிய ஓட்டை உடனே காட்டிக்கொடுத்துடும். சின்னக் கசிவுக்கு நம்ம நேரம் தெரியாது, அதோட நேரம்தான்.”

எக்ஸ்ரே படங்களைக் கழுவும் இருட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பிறகு வேலை பார்த்துக்கொண்டே இதற்கான படிப்பை முடித்தாள். படிப்பு அவளுக்குப் பொத்தான்களைச் சொல்லித் தந்தது. படத்தைப் பார்க்கச் சொல்லித் தந்தவை அவளுடைய தப்புகள். ஒவ்வொரு தப்பையும் ஒரு நீல அட்டை நோட்டில், புள்ளி எந்த வடிவில் எங்கே விழுந்தது என்ற படத்தோடு எழுதி வைப்பாள். ‘ஊசிக் குழாய் மடங்கியிருந்தது, மருந்து கையிலேயே தங்கிவிட்டது.’ ‘நோயாளி பிஸ்கட் தின்றதை மறைத்துவிட்டார்.’ யாருக்கும் காட்டியதில்லை.

அதில் கடைசிப் பக்கம் போன மாதத்தது. ஒரு பெண்மணியின் படத்தில் வலது விலாவுக்குக் கீழே ஒரு கரும்புள்ளி. கசிவு என்று இவள் சொல்ல, அறுவை டாக்டர் பதறி, பெண்மணியைப் பட்டினி போட்டு, எண்டோஸ்கோப்பி அறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கேதான் தெரிந்தது. புள்ளி வயிற்றில் இல்லை, மேலே போர்த்தியிருந்த போர்வையில். மருந்து ஏற்றும்போது சிந்திய ஒரு துளி. அன்றிலிருந்து அறுவை டாக்டர் லிஃப்டில் அவளைப் பார்த்தால் விடுவதில்லை. “என்னம்மா, உன் போர்வைக்கு எப்ப ஆபரேஷன் வச்சுக்கலாம்?” லிஃப்டே சிரிக்கும். அவளும் சிரித்துவைப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க முடிந்தவரை.

அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. கை சுத்தமான கை. அது அவருக்குத் தெரியும் என்பதுதான் தொல்லை. “ரெண்டாயிரம் பித்தப்பை எடுத்த கை. இது ஒழுகாது” என்று பேனாவால் உள்ளங்கையைத் தட்டிச் சொல்வார்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் காலை மீன் ஏலக்காரர் வந்து சேர்ந்தார்.

அந்த டாக்டர் கையால் பித்தப்பையை எடுத்து நான்காவது நாள். வயிறு உப்பலாக இருந்தது, லேசான காய்ச்சல். வாயு என்று டாக்டர் எழுதியிருந்தார். ஏலக்காரரின் மனைவிதான் விடவில்லை. “இவர் சத்தமே போடலை டாக்டர். என்னமோ சரியில்லை” என்று மூன்று நாளாகப் புலம்பியிருக்கிறாள். அவள் வாயை அடைக்கவே டாக்டர் ஸ்கேனுக்கு எழுதினார். “ஸ்கேன் முடிஞ்சதும் அப்படியே வீட்டுக்குக் கிளம்புங்க” என்று சொல்லியும் விட்டார். அதனால் மனிதர் ஊருக்குப் புறப்படும் கோலத்தில் வந்திருந்தார். தேய்த்த சட்டை, புத்தம்புதுச் சாம்பல் நிறக் கால்சட்டை, வாரிய தலை.

முறைப்படி அவரை மருத்துவமனை உடைக்கு மாற்றியிருக்க வேண்டும். மனிதர் குனியவே சிரமப்பட்டார். பாவம் பார்த்து, “பெல்ட்டை மட்டும் கழட்டுங்கண்ணே, போதும்” என்றாள். அதுதான் அன்றைய முதல் தப்பு.

“சத்தமே போடலைன்னு சொன்னீங்களாமே?” என்று மனைவியிடம் கேட்டாள். ஏனென்றால் ஏலக்காரர் உள்ளே வந்ததிலிருந்து பேசிக்கொண்டேதான் இருந்தார்.

“இதா? இதெல்லாம் அவருக்கு முனகல்மா. நல்லா இருந்தா உங்க எந்திரம் அதிரும்.”

ஊசிக் குழாயை மாட்டி மருந்தை ஏற்றினாள். “கையை ஆட்டாம வச்சுக்கங்க. அசையாதீங்க.”

“இருபத்தஞ்சு வருஷமாக் கையைத் தூக்கித்தான் தங்கச்சி பேசறேன். கையைக் கட்டிட்டா எனக்கு வாயும் கட்டிப்போகும். மூச்சு வாங்கறதுக்குள்ள ஏலத்தை முடிக்கணுமே, எப்படின்னு நினைக்கறீங்க? ஒரு தரம்...”

கை எழுந்துவிட்டது. அவள் ஊசியைக் கழற்றிய அதே நொடி. ஒரு துளி எங்கோ தெறித்தது. அவள் பஞ்சால் கட்டிலைத் துடைத்தாள், கதிர் அளக்கும் கருவியை விரிப்பின் மேல் ஓட்டிப் பார்த்தாள், சுத்தம். போர்வையா? இந்த முறை போர்வையே கிடையாது. சூடு கண்ட பூனை அல்லவா. கேமராவை ஓட விட்டாள்.

முதல் நிமிடப் படத்திலேயே வலது இடுப்புக்கு மேலே ஒரு கறுப்புப் பொட்டு.

அவளுக்கு நீல நோட்டு நினைவுக்கு வந்தது. கல்லீரல் இன்னும் மருந்தைக் குடிக்கவே இல்லை. பித்தம் உண்டாகும் முன்பே கசிவு எப்படி வரும்? சிந்திய துளி கால்சட்டையின் இடுப்புப் பட்டையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மணி நேரப் படத்தொடரை நடுவில் நிறுத்த முடியாது. கல்லீரல் கறுத்தது, பித்தநாளம் ஒரு நூலாகத் தெரிந்தது, குடல் தெரிந்தது. எல்லாம் அழகாகவே போயிற்று. ஆனால் அந்தப் பொட்டு மட்டும் இருந்த இடத்திலேயே, அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி.

ஒரு மணி நேரம் முடிந்ததும், “அண்ணே, பேண்ட்டைக் கழட்டணும்” என்றாள்.

“அடடா! இதுக்குத்தான் ஒரு மணி நேரம் அசையாம படுக்க வச்சீங்களா?” என்றவர், மனைவியைப் பார்த்து, “கேட்டுக்கோ, நான் ஒண்ணும் சொல்லலை” என்றார்.

கால்சட்டையின் பக்கத்தில் கருவியைக் கொண்டுபோனதும் அது கொரகொரவென்று கத்தியது. அதைப் பையில் கட்டி ஈயப் பெட்டியில் போட்டாள். “மூணு நாள் இது இங்கதான். அதுக்கப்புறம் கதிர் அடங்கிடும், வாங்கிக்கலாம்.”

“மூணு நாள் காவலா? நான் என்ன குத்தம் பண்ணேன்னே தெரியாம இருக்கேன், என் பேண்ட்டு உள்ள போயிடுச்சே!”

ஒரு விரிப்பைச் சுற்றி அவரைப் படுக்க வைத்து இன்னொரு படம் எடுத்தாள். பொட்டு போயிருந்தது. அப்பாடா என்று மூச்சு விடப் போனவள், பாதியில் நிறுத்தினாள். பொட்டு இருந்த இடத்துக்குச் சற்று மேலே, கண்ணாடியில் யாரோ ஊதிவிட்டுப் போன மாதிரி ஒரு மங்கல். இருக்கிறதா, இல்லையா? கண்ணை இடுக்கினால் இருந்தது, அகல விரித்தால் இல்லை.

பிடிபட்ட ஒரு திருடனுக்குப் பின்னால் இன்னொரு திருடன் ஒளிந்திருக்கிறானா? அல்லது போன மாத பயம் கண்ணில் ஆடுகிறதா?

படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் மாலையில்தான் வருவார். அவருக்குப் போன் போட்டாள்.

“மங்கலா இருக்குன்னா மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு படம் எடுத்து வைம்மா. சந்தேகம்னா அதான் முறை.”

“அதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார்.”

“ஆள் இருந்தா எடு. ஆள் போயிட்டா நான் என்ன, வாசல்ல நின்னு கூப்பிடவா முடியும்?”

போனை வைத்தாள். வீட்டுக்குப் போய்ப் பித்தம் வயிற்றில் பரவினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அப்படிப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். சிலர் நடந்து திரும்பவில்லை. ஆனால் ஒரு மங்கலை வைத்துக்கொண்டு அறுவை டாக்டரிடம் என்ன சொல்வது? போர்வைக்காரி சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்போதுதான் அவள் கண் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது. வெளுத்து மடித்த ஏழு மருத்துவமனைக் கால்சட்டைகள். ஏலக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி மனைவியிடம் கால்சட்டைக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார். வெளியே வராண்டாவில் அறுவை டாக்டரின் செருப்புச் சத்தம்.

டாக்டர் கதவைத் திறந்தபோது அவள் நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். கம்பளிச் சட்டை நாற்காலியின் மேல் விரித்திருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. அவள் வழக்கத்தைவிட நான்கு விரற்கடை உயரமாகத் தெரிந்தாள்.

“என்னம்மா, ஒழுகுதா?”

“முதல்ல ஒரு பொட்டு இருந்துச்சு சார். பேண்ட்ல சிந்தினது. எடுத்துட்டேன்.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “போர்வை போய் இப்ப பேண்ட்டா? அடுத்த மாசம் ஜட்டியா?”

“எடுத்தப்புறம் லேசா ஒரு மங்கல் தெரியுது சார். மூணு மணி நேரப் படம்...”

அவர் திரையில் குனிந்தார். பேனா உள்ளங்கையைத் தட்டியது. “இதுவா? இது உன் கண்ணாடியில இருக்கற அழுக்கும்மா. ஆள் வீட்டுக்குப் போகலாம்.”

“எப்படி சார் போவார்?”

“காலால்தான்.”

“பேண்ட் இல்லையே சார்.”

கட்டிலில் விரிப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏலக்காரர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரி பேண்ட் ஒண்ணு கொடேன்.”

“வெளுத்து வரலை சார்.” சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. பதினோரு வருடப் பயிற்சி.

“வார்டுல கேளு.”

வார்டுக்கு அவர் முன்னாலேயே போன் போட்டாள். “டிஸ்சார்ஜ் போட்டாச்சே. பட்டியல்ல பேர் இல்லாத ஆளுக்குத் துணி தர முடியாது” என்றாள் வார்டு செவிலி. அப்படித்தான் சொல்வாள் என்று தெரிந்ததால்தான் கேட்டாள்.

“ஆஸ்பத்திரியா இது!” என்று தலையில் அடித்துக்கொண்டு டாக்டர் அறுவை அறைக்குக் கிளம்பினார். வாசலில் திரும்பி, “வீட்டுலேருந்து பேண்ட் வந்ததும் அனுப்பிடு” என்றார்.

ஏலக்காரர் மனைவி பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம், பஸ் கிடைத்தால்.

“ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்மா.”

“ஓட வேண்டாம்க்கா” என்றாள் இவள் தாழ்ந்த குரலில். “வெயில். மெதுவாப் போங்க. வீட்டுல ஒரு வாய் சாப்பிடுங்க. மெதுவா வாங்க.”

மனைவி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் உட்கார்ந்திருந்த உயரத்தைப் பார்த்தாள். மடிப்பு வெள்ளையாக ஒரு ஓரம் கம்பளிக்கு வெளியே எட்டிப்பார்த்தது. அந்த அம்மாள் குனிந்து, கம்பளியைச் சற்று இழுத்துவிட்டு, “சரிம்மா. பஸ்ஸும் இப்பல்லாம் லேட்டாத்தான் வருது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த இரண்டு மணி நேரம் அவளுக்குத் தண்டனை. வராண்டாவில் யார் போனாலும் எட்டிப்பார்த்து நலம் விசாரித்தார்கள். எழுந்தால் குட்டு உடையும். அறையின் மறுகோடியில் இன்னொரு போன் அடித்து அடித்து ஓய்ந்தது. இந்த வேலையில் முதல் முறையாக, அசையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஏலக்காரர் முதல் மணி நேரம் கதை சொன்னார். ஒரு சுறாவை ஏலம் விட்டபோது அது உயிரோடிருந்து எடுத்தவரின் தொப்பியைக் கவ்விய கதை. இரண்டாவது மணி நேரத்தில் கதை சுருங்கியது. பிறகு நின்றேவிட்டது. அறையில் எந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“தங்கச்சி.”

“சொல்லுங்கண்ணே.”

“வயித்தைத்தானே வெட்டுனாங்க? தோள் ஏன் வலிக்குது?”

அவள் நிமிர்ந்தாள். வயிற்றின் மேல்பக்கம் பித்தம் போய்த் தேங்கினால் வலி தோளில் தெரியும். வெறும் வாயுவாக இருந்தாலும் தெரியும். “எந்தத் தோள்?”

“வலது. மூச்சு இழுத்தாக் குத்துது. வீட்டுல சொல்லாதீங்க. ஏற்கெனவே பயந்துட்டிருக்கா.”

அவள் எழுந்துவிட்டாள். கால்சட்டை அடுக்கைப் பற்றி நினைக்கவே இல்லை. “இன்னும் அரை மணி நேரம்ணே. அதுவரைக்கும் கொஞ்சம் படுத்திருங்க. ஒரே ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்.”

நேரம் வந்ததும் எடுத்தாள். காலையில் மங்கலாக இருந்த இடத்தில், வயிற்றின் வலது ஓரமாக, கறுப்பாக ஒரு பட்டை. அவள் அவசரப்படவில்லை. அவரை எழுப்பி, விரிப்பை மாற்றி, அவர் உடம்பின் மேல் பஞ்சால் துடைத்து, பஞ்சைத் தனியாக அளந்து பார்த்தாள். சுத்தம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடி எடுத்தாள். குடலில் இருக்கும் பித்தம் குடலின் வளைவை விட்டு எங்கும் போகாது. இந்தப் பட்டையோ சாய்த்த கிண்ணத்துத் தண்ணீர் மாதிரி நகர்ந்திருந்தது.

டாக்டர் அறுவை அறைத் தொப்பியோடு வந்தார். “பேண்ட் வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர் திரையைப் பார்த்து நின்றார்.

“விரிப்பை எடுத்துப் பாத்தியா?”

“எடுத்தேன் சார். மாத்தினேன். உடம்பையும் துடைச்சுட்டேன். இதுக்கு மேல எடுக்கணும்னா தோலைத்தான் உரிக்கணும்.”

அவர் காலைப் படத்தைப் போடச் சொன்னார். பிறகு மதியப் படம். மறுபடி காலைப் படம். பேனா தட்டுவது நின்றிருந்தது. நாற்காலியை இழுத்து உட்காரப் போனவர், அதன் மேலிருந்த அடுக்கைப் பார்த்தார். கம்பளியின் நுனியைத் தூக்கினார். அவளுக்கு வேர்த்தது, அந்தக் குளிரில்.

டாக்டர் கம்பளியை மறுபடி மூடினார். நின்றபடியே போனை எடுத்தார். “எண்டோஸ்கோப்பி ரூமா? பித்தநாளத்துல ஸ்டென்ட் வைக்கணும், இன்னைக்கே. இல்ல, போர்வை இல்ல. என் பேஷன்ட்தான்.”

அந்த நேரம் பார்த்து மனைவி கால்சட்டையோடு வந்தாள். தன் தம்பியுடையதை எடுத்து வந்திருந்தாள். ஏலக்காரருக்கு அது முழங்காலுக்கு மேல் ஏறவே ஏறாது. “அவசரத்துல மாறிடுச்சு” என்றாள், மூன்று மணி நேரம் கழித்து வந்தவள்.

அன்று மாலையே வாய்வழியாகக் குழாய் விட்டு, பித்தம் குடல் பக்கம் சுலபமாக இறங்கும்படி நாளத்தில் ஒரு சின்ன நெகிழிக் குழாயை வைத்தார்கள். தேங்கியதை ஊசி போட்டு வடித்தார்கள். மூன்றாம் நாள் வார்டிலிருந்து அவர் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டது. கால்சட்டையும் அன்றுதான் விடுதலையானது.

நீல நோட்டில் அவள் எழுதினாள்: ‘நோயாளியைச் சொந்த உடையில் படுக்க வைத்தது என் தப்பு. ஒரு பொட்டுக்குக் காரணம் தெரிந்ததும் இன்னொன்றைத் தேடாமல் விடக் கூடாது.’ நாற்காலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வீட்டுக் குழாய் ஆறு மாதம் தாண்டியும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அதையும் அவள் எழுதவில்லை.

ஆறு வாரம் கழித்து ஏலக்காரர் கடைசிப் பரிசோதனைக்கு வந்தார், காவலில் இருந்து மீண்ட அதே சாம்பல் நிறக் கால்சட்டையில். உள்ளே நுழைந்ததும் அவளே அதைக் கழற்ற வைத்து மருத்துவமனை உடை கொடுத்தாள். ஊசி போடும்போது அவர் கையை மனைவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கல்லீரல் கறுத்தது. நூல் தெரிந்தது. குடல் தெரிந்தது. வலது ஓரம் வெள்ளைக் காகிதமாகக் கிடந்தது. அவள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“தங்கச்சி, எனக்கு இந்த உடையை எங்கேருந்து எடுத்தீங்க?”

“அலமாரியிலேருந்து.”

“இங்கேருந்து பாத்தா இன்னும் ஆறு தெரியுதே. எல்லாத்துலயும் தேதி முத்திரை வேற குத்தியிருக்கு. போன வருஷத் தேதி.” கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார். “அன்னைக்கு என்னை விரிப்போட உக்கார வச்சுட்டு, ஒண்ணுகூட இல்லைன்னீங்களே...”

மூலையில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“இவளுக்கும் தெரியுமா? அடிப் பாவிகளா!” கை மெல்ல எழும்பத் தொடங்கியது.

“அண்ணே,” என்றாள் அவள், முகத்தில் ஒரு புள்ளிகூட மாறாமல். “அசையாதீங்க.”